கேரட் தோட்டத்துக்கு இறங்கிய நீச்சல் குளம்

தண்ணீர் விஷயத்தில் நான் யாரையும் நம்புவதில்லை. தேயிலை பறித்த காலத்தில், எடை போடுகிறவர் 'இலை ஈரம்' என்று சொல்லியே எங்கள் கூடையில் கிலோ கிலோவாகக் கழிப்பார். வெயில் மண்டையைப் பிளந்தாலும் அவருக்கு ஈரம்தான். அப்போதிருந்து, எவன் தண்ணீர் என்று வாயெடுத்தாலும் என் கண் அவன் கையைத்தான் பார்க்கும்.

எங்கள் மலையூர் ஜெகதளாவுக்கு மேலே ஒரு பங்களா. வெளியூர் ஆட்கள் வந்து தங்கிப் போவார்கள். அதன் சாவிக்கொத்து என் இடுப்பில். (எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எந்தச் சாவி எந்தக் கதவுக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.) முதலாளியம்மா அங்கே நீச்சல் குளம் ஒன்று கட்டியிருந்தார். வெந்நீரில் குளிக்கவே பல் கிட்டுகிற ஊரில் குளம்!

போன கோடையில் அந்தக் குளம் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை முதலாளியம்மாவின் மகளைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் அங்கேதான் வருகிறார்கள்.

"மாராத்தாம்மா, அதுக்குள்ள தண்ணி தெளியலைன்னா பங்களாவ ஒரு கம்பெனிகிட்ட உட்டுருவேன். அப்புறம் சாவி அவங்க ஆளுகிட்டத்தான்" என்றார் முதலாளியம்மா போனில்.

தெளிய வைக்க, கூடலூரிலிருந்து மலையாளத்துப் பையன் ஷாஜி வந்தான். அதிகம் பேசமாட்டான். (அதுவே சந்தேகம்தானே!) குளோரினைக் கரைத்து ஊற்றினான். மறுநாள் குளம் முன்னைவிட வெளுத்துக் கிடந்தது.

"ஏந்தம்பி, மருந்து ஊத்துனா தெளியோணும். இது சுண்ணாம்பாட்ட இருக்குது?"

"குளோரின் பாசியைக் கொல்லும் அம்மே. செத்ததை ஃபில்டர்தான் பிடிக்கணும். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கட்டே. நிறுத்தவே கூடாது, கேட்டோ?"

நிறுத்தவே கூடாதாம். ஏன்?

காரணத்தை நானே கண்டுபிடித்தேன். காலையில் அவன் ஃபில்டரின் கைப்பிடியைத் திருப்புவான். உடனே ஒரு குழாய் வழியாகத் தண்ணீர் குபுகுபுவென்று சரிவில் இறங்கும். ஃபில்டரில் சேர்ந்த அழுக்கைக் கழுவி விடுகிறானாம். நானும் குழாயோடு இறங்கிப் பார்த்தேன். அது போய் முடிந்த இடம், சரிவுக்குக் கீழே பயிர் வைக்கும் போஜனின் கேரட் தோட்டம்! ஊரே குடத்தோடு அலைகிற கோடையில்! அடுத்த நாள், போஜன் தழையோடு ஒரு கட்டுக் கேரட்டை ஷாஜி கையில் திணிப்பதையும், அவன் அதை வண்டியில் கட்டுவதையும் என் கண்ணாலேயே பார்த்தேன்.

மோட்டார் ஓடினால்தானே தண்ணீர் இறங்கும்? அன்று முதல், அவன் கிளம்பியதும் மோட்டாரை நிறுத்திவிடுவேன். காலையில் அவன் வண்டிச் சத்தம் கேட்டதும் போட்டுவிடுவேன். (பிடிக்கிறவரை திருடனுக்குத் தெரியக் கூடாதல்லவா?)

வெள்ளிக்கிழமை, ஷாஜி வேலையில் இருக்கும்போதே முதலாளியம்மா வந்தார். குளத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. நான் முந்தானையை இழுத்துச் செருகினேன்.

"கொளத்தக் கேக்காதீங்க, கேரட்டக் கேளுங்க! இவன் நம்ம தண்ணியத் தோட்டத்துக்கு விக்கறானுங்க. நான் தெனமும் மோட்டார நிறுத்தாம இருந்திருந்தா கொளமே காலி!"

ஷாஜி தலையில் கை வைத்தான். "தினமும் நிறுத்தியோ!"

அந்த நேரம் பார்த்துப் போஜன் மேலேறி வந்தார். கையில் கருகிய கேரட் தழை.

"அம்மா, இந்தக் கொழாய வேற பக்கம் திருப்பச் சொல்லுங்க. உங்க மருந்துத் தண்ணில தழையெல்லாம் கருகுது. அன்னைக்கே தம்பிகிட்ட ஒரு கட்டுப் புடுங்கிக் காட்டுனேன்."

முதலாளியம்மா என் பக்கம் கையை நீட்டினார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை அவிழ்க்கத் தொடங்கினேன்.

"ஞாயிறுவரை பாக்கலாம் மேடம்" என்றான் ஷாஜி. "மோட்டார் நிக்காம ஓடினா தெளியும். அம்மையே காவல் இருக்கட்டே."

இருந்தேன். மோட்டார் அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். காபியும் அங்கே, சோறும் அங்கே. கரண்டு போய்விடுமோ என்று கம்பத்தைக்கூடச் சந்தேகத்தோடுதான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா குளத்தை எட்டிப் பார்த்து, "ஏனுங்க, இன்னும் தண்ணி உடலைங்களா?" என்று கேட்டார். அடியில் பதித்த நீலக் கல் அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

கொத்து என்னிடமே இருக்கிறது. மோட்டார் அறைச் சாவி மட்டும் ஷாஜியிடம். குழாயும் வேறு பக்கம் திரும்பிவிட்டது. எங்கள் வீட்டில் ரசம் கலங்கினால் போதும், "அத்தை மோட்டார நிறுத்தீட்டாங்களாட்ட இருக்குது" என்பாள் மருமகள். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஆனாலும் ஒன்று. கருகியது தழைதானே? கிழங்கு சிவக்கச் சிவக்க நன்றாகத்தானே இருந்தது? காட்டத்தான் கொடுத்தார் என்றால், அந்தக் கட்டை அவன் எதற்கு வண்டியில் கட்டிக்கொண்டு போனான்?