பல்செட்டுத் திருடன்

அன்புக்கும், சென்ற வாரம் முதல் சற்றுப் பயத்துக்கும் உரிய மைத்துனிக்கு,

உன் அக்காளின் கணவனும் இந்தத் தெருவின் ஒரே பல்வைத்தியனுமாகிய அத்தான் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். அவள் என்னைவிடக் கொஞ்சம் கூடுதல் நலமாகவே இருக்கிறாள். என் கஷ்டத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து முகத்தில் ஒரு களை வந்திருக்கிறது. அங்கே உன் நலத்தையும் உன் வலது கையின் நலத்தையும் அறிய ஆவல். அந்தக் கைக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அது என் பிழைப்பிலேயே கல்லைத் தூக்கிப் போடும் என்று கனவிலும் நினைக்கவில்லை. போனில் சொல்லலாம் என்றால், நான் வாயைத் திறப்பதற்குள் நீ சிரிக்க ஆரம்பித்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம்.

பிள்ளைகளுக்காக நீ எழுதிப் படம் போட்ட புதுப் புத்தகத்தின் ப்ரூஃபை, அச்சுக்குப் போகும் முன் பிழை பார்த்துத் தரச் சொல்லி அக்காவுக்கு அனுப்பியிருந்தாய் அல்லவா? அவள் அதை என் சாப்பாட்டுப் பையில் வைத்து, மத்தியானம் சும்மா இருக்கும்போது படியுங்கள் என்றாள். 'பல்செட்டு எங்கே?' என்ற தலைப்பைப் பார்த்ததும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஆகா, கடைசியில் நம் தொழிலுக்கும் ஒரு மரியாதை வந்ததே என்று, நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு படித்தேன். தலைமையாசிரியரின் பல்செட்டு தொலைகிறது, பஸ் கண்டக்டரின் பல்செட்டு தொலைகிறது, ஊரில் பாதிப் பேர் பேசுவது மீதிப் பேருக்குப் புரியவில்லை. வயிறு வலிக்கச் சிரித்தேன். கடைசிக்கு முந்தைய பக்கத்தைத் திருப்பினால், திருடன் யார் என்றால் ஊர்ப் பல்வைத்தியனாம். எல்லாரும் புது செட்டு கட்டத் தன்னிடமே வருவார்கள் என்று அவனே ராப்பகலாகத் திருடியிருக்கிறானாம். அது போகட்டும், கதை. ஆனால் திருடன் படத்தில் இருக்கும் அந்த மூக்கு யாருடையது? அச்சு அசல் என்னுடையது. தூக்கிய ஒரு புருவம் என்னுடையது. கோட்டுப் பையில் எட்டிப் பார்க்கும், பல் பார்க்கிற குச்சிக் கண்ணாடிகூட என்னுடையதுதான்.

உன் வளர்ச்சியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவன் நான் இல்லை, அது உனக்கே தெரியும். நீ வரலாற்றுப் புத்தகத்தில் ராணிகளுக்கெல்லாம் மீசை வரைந்து உதை வாங்கிய காலத்திலிருந்து உன்னைப் பார்க்கிறேன். படிப்பு முடிந்து இன்ஜினியர் ஆபீசில் வரைபடம் போடச் சேர்ந்தாய். கழிவுநீர்க் குழாய் வரைபடத்தில் ஒரு பூனை எட்டிப் பார்ப்பதுபோல வரைந்துவைத்தாய். அந்தப் பூனைக்கும் சேர்த்து மேலதிகாரி ஒப்புதல் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்ஜினியர் உன்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். குடும்பமே தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, இவள் எப்படியும் முன்னுக்கு வந்துவிடுவாள் என்று சொன்ன ஒரே ஆள் நான். அந்தப் பூனைதான் உன் முதல் புத்தகம் ஆனது. பிறகு 'கொடியை விட்டு ஓடிய சட்டை', 'தபால்பெட்டிக்குள் தும்மல்' என்று திருடனைத் தேடும் கதைகளாக வரிசையாக வந்தன. இப்போது நூலகத்தில் பிள்ளைகள் உன் புத்தகத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள். பள்ளிக்கூடங்களில் உன்னைக் கூப்பிட்டுக் கரும்பலகையில் திருடன் வரையச் சொல்கிறார்கள். உன் படங்களில் குடும்பத்தில் எல்லாருக்கும் நீ இடம் கொடுத்தாய். உங்கள் அப்பா காவல்காரராக வந்தார், உன் அக்கா தலைமையாசிரியையாக ஜம்மென்று வந்தாள். நான் மட்டும் ஒரே ஒரு தடவை, அதுவும் பஸ் ஜன்னலில், பின்மண்டையாக வந்தேன். அதைப்பற்றி நான் வாய் திறந்ததுண்டா? உன் அக்காவின் காதில் விழும்படி எப்போதாவது பெருமூச்சு விட்டிருப்பேன், அவ்வளவுதான்.

படத்தைப் பார்த்த கையோடு உனக்குப் போன் போட்டேன். நீ சொன்ன பதில் இன்னும் என் காதில் இரைகிறது.

"நான் என்ன அத்தான் பண்றது? எனக்கு எப்பவுமே படம்தான் முதல்ல வரும். அதைப் பார்த்துத்தான் திருடன் யாருன்னு நானே கண்டுபிடிப்பேன். இந்தத் தடவை உங்க மூஞ்சி தானா வந்து மாட்டிக்கிச்சு."

உள்ளே போன் சரியாகக் கேட்காது என்று வாசலுக்கு வந்து பேசினேன் பார், அதுதான் நான் செய்த தப்பு. நாற்காலியில் விட்டுவந்த ப்ரூஃபை என் உதவியாளர் அம்மாள் ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று காத்திருப்போர் அறையில் பழைய பத்திரிகைகளோடு அடுக்கிவிட்டார். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். அறை நிறையப் பிள்ளைகள். நான் திரும்பி வந்தபோது ப்ரூஃப் அவர்கள் நடுவில் விரிந்து கிடந்தது. எல்லார் தலையும் ஒரு தடவை புத்தகத்தைப் பார்த்தது, ஒரு தடவை என்னைப் பார்த்தது.

நான் கண்டுகொள்ளாமல் முதல் நோயாளியை உள்ளே கூப்பிட்டேன். இரட்டைப் பின்னல் போட்ட வாண்டுப் பெண், பெரிய சொத்தைப்பல். வழக்கமாக அவளை இரண்டு பேர் பிடிக்க வேண்டும். அன்றைக்குத் தானாக ஏறி உட்கார்ந்து என்னையே முறைத்தாள். வாயைக் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, நாளெல்லாம் நான் சொல்லும் ஒரே வார்த்தையைச் சொன்னேன்: "துப்பு." உன் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'துப்பு கிடைத்ததா?' என்று கேட்டு வைத்திருக்கிறாயே, அந்த நேரம் பார்த்து எனக்கு அது ஞாபகமில்லை. அவள் தண்ணீரை மடக்கென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள்:

"துப்பு உங்க கோட்டுப் பையில இருக்கு, டாக்டர்."

சொன்னதோடு கையையும் விட்டாள். விட்ட கையில் ஒரு பல்செட்டு வந்தது! நான் என்ன செய்வேன், விரிசல் விட்டதைச் சரிசெய்து, ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டருக்குக் கொடுக்கப் பையில் போட்டிருந்தேன். அவர் வெளியே பொக்கை வாயோடு அதற்காகத்தான் காத்திருந்தார். அவள் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே ஓட, அவர் எழுந்து நின்று "எம் பல்லு, எம் பல்லு" என்று குழற, பிள்ளைகள் எல்லாம் திருடன் அகப்பட்டான் என்று கூத்தாட, தாய்மார்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, நான் கையில் குச்சிக் கண்ணாடியோடு வாசற்படியில் நின்றேன். அந்தக் கோலம் உன் படத்தில் இருக்கிற அதே கோலம் என்று உதவியாளர் அம்மாள் வேறு எடுத்துச் சொன்னார்.

அதோடு சரி. மறுநாளிலிருந்து ஒரு பிள்ளையைக் காணோம். தெருவில் போகிறதுகள் என் வாசல் வந்ததும் வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஓடுகின்றன. அம்மாமார் போன் போட்டு, அப்புறம் வருகிறோம் டாக்டர் என்கிறார்கள். பெரியவர்களைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, உயிர் போகிற வலி வந்தால் ஒழிய பல்வைத்தியன் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். என் கிளினிக் ஓடுவதே பிள்ளைகளால்தான். ஒரு ப்ரூஃப் படுத்தும் பாடு இது என்றால், புத்தகம் அச்சாகிப் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போனால் நான் கடையைக் கட்ட வேண்டியதுதான். ஆகவே உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன், திருடனை மாற்றிவிடு. எதிர்சாரியில் மருந்துக்கடை வைத்திருக்கிறாரே, அவருக்கும் மூக்கு நீளம்தான். அதுவும் முடியாதென்றால் என் மூக்கையாவது சப்பையாக்கி, ஒரு மீசை ஒட்டிவிடு. ராணிகளுக்கே ஒட்டியவள், எனக்கு ஒட்டமாட்டாயா? வருகிற வாரம் அச்சுக்குப் போகிறதாமே, தாமதிக்காதே.

உன் தூரிகை காயாமல் இருக்கட்டும். புத்தகங்கள் மேன்மேலும் பெருகட்டும். அதில் அகப்படுகிற திருடர்கள் எல்லாரும் அயலாராகவே இருக்கட்டும் என்று மனமார வாழ்த்துகிறேன். படுக்கும் முன் பல் துலக்கு.

இப்படிக்கு,
பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கும்
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் சமயத்தில் அந்த இரட்டைப் பின்னல் வந்தாள். பின்னால் அவள் வகுப்பே வந்து நின்றது. எதற்கு என்றால் என்னை விசாரிக்கவாம். தலைமையாசிரியர் பல்செட்டை எப்படித் திருடினேன் என்று சொன்னால்தான் வாயைத் திறப்பார்களாம். எனக்கு வேறு வழி? ஆரம்பத்தில் மென்று விழுங்கினேன். அப்புறம் என்ன வந்ததோ, பின்வாசல் வழியாகப் புகுந்தது, தண்ணீர் டம்ளரில் கைவிட்டது, குறட்டைச் சத்தத்துக்கு மூச்சடக்கி நின்றது என்று நீ எழுதாததையெல்லாம் அளந்துவிட்டேன். அத்தனை வாயும் ஆவென்று திறந்தது. இரட்டைப் பின்னலின் சொத்தையை அடைத்தே முடித்துவிட்டேன். ஒரு பிள்ளை அழவில்லை. என் இத்தனை கால அனுபவத்தில் இப்படி ஒரு நாளை நான் கண்டதில்லை. போகும்போது அவள், "அடுத்த புக்குலயும் நீங்கதானே டாக்டர் திருடன்?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இதற்குள் சமாசாரம் கேள்விப்பட்டு மருந்துக்கடைக்காரர் தெருவைத் தாண்டி வந்து, பக்கவாட்டில் திரும்பி நின்று, தன் மூஞ்சி இதற்குச் சரிப்படுமா என்று உன்னிடம் கேட்கச் சொன்னார். இடம் காலி இல்லை என்று அனுப்பிவைத்தேன். ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்தாதே. ஏற்கெனவே மாற்றியிருந்தால் உடனே திருப்பி மாற்று, என் மூக்கில் யாரும் கைவைக்கக் கூடாது. ஒரே ஒரு திருத்தம்: கடைசிப் பக்கத்தில் போலீஸ் என்னைப் பிடித்துக்கொண்டு போகும்போது வாயை இறுக்கி மூடிக்கொண்டு முழிப்பதாக வரைந்திருக்கிறாய். பார்க்கிற பிள்ளைகள் என்ன நினைக்கும்? பல்வைத்தியன் ஜெயிலுக்குப் போனாலும் பல் தெரியச் சிரித்துக்கொண்டு போக வேண்டும், அப்படி வரைந்துவிடு.