சொல்லிக்கொள்ளாமல் கிளம்பாத கார்

வீடியோ பார்த்து வைத்தியம் செய்கிறவர்களை நான் கேலி செய்வதில்லை. கார் வைத்தியத்தை நானும் அப்படித்தான் கற்றேன். என் நோயாளி இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது மருத்துவ உலகமே ஆராய வேண்டிய விஷயம்.

கொடைக்கானலில் கணக்கு டீச்சராக இருக்கும் நான், பல கை மாறிய ஒரு கிழட்டுக் காரை வாங்கினேன். வைப்பரைப் போட்டால் உள்ளே விளக்கு எரியும். பின்பக்கக் கண்ணாடி இறங்கினால் ஏறாது. எல்லாவற்றுக்கும் மேலே, ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தால் ஹாரன் தானாக அலறும். கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே வரும் பஸ் டிரைவர்கள், 'எவ்வளவு பொறுப்பான பொம்பளை' என்று நினைத்திருப்பார்கள். (என் கணவர் செல்வம் மலைப்பாதையில் ஓட்ட மாட்டார். பின்சீட்டில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி கண்ணை மூடிக்கொண்டு வருவதே அவருடைய சோலி.)

பண்ணைக்காட்டில் இருந்த என் மாமியாரின் அக்கா வீட்டுக்காரர் இறந்துபோனார். அக்காளுக்கும் தங்கைக்கும் ஒரு காதுகுத்து விருந்தில், யாருக்கு முதல் பந்தி என்பதில் முறுக்கிக்கொண்டு பல வருஷமாகப் பேச்சில்லை. அடக்கத்தன்று மழையில் பாதையில் மரம் விழுந்து எங்களால் போக முடியவில்லை. அது புதுக் குற்றமாகச் சேர்ந்துகொண்டது. அடுத்த வாரம் துக்கம் கேட்கப் புறப்பட்டோம்.

"அக்கா என்கிட்ட ஒத்த வார்த்தை பேசிட்டாப் போதும்த்தா" என்று அத்தை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். கூடவே எனக்குச் சட்டமும் படித்தார். "துக்க வீட்டுல போயிட்டு வாரேன்னு சொல்லக் கூடாது. சத்தமில்லாம எந்திரிச்சு வந்துரணும். திரும்பிப் பாக்கப்படாது. மறுபடி வாசப்படி ஏறவே கூடாது. ஓங் காரு மட்டும் அங்க கத்துச்சு, அம்புட்டுத்தான்!"

கத்தாமல் இருக்க என்னிடம் வழி இருந்தது. பெரியத்தை வீட்டுக்குப் போகும் இறக்கத்தின் உச்சியில் காரை நிறுத்தி, ஸ்டியரிங்குக்குக் கீழே ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தேன். எது எதற்கு என்று மூடியில் போட்டிருந்த படம் அழிந்துபோயிருந்தது. ஹாரனுக்கு மூன்றாவது என்று வீடியோவில் பார்த்த ஞாபகம். (அது வேறு காரின் வீடியோ என்பதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.) மூன்றாவதைப் பிடுங்கி, தொலையாமல் இருக்க முந்தானையில் முடிந்துகொண்டேன். இறக்கம்தானே, இன்ஜின் எதற்கு என்று வண்டியை அப்படியே உருட்டிக்கொண்டு போய் வாசலில் நிறுத்தினேன். ஒரு சத்தமில்லை. பெருமை தாங்கவில்லை. பாதை நேராக இருந்ததால் இடது பக்கம் ஒடிக்கவே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

உள்ளே அக்காளும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுதார்கள். முறைப்படி அழுதார்கள். ஆனால் அழுகை ஓய்ந்ததும் பெரியத்தை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு வார்த்தை இல்லை. அத்தை மெல்ல எழுந்தார். சொல்லிக்கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல், மூவரும் கம்பீரமாக வெளியேறிக் காரில் ஏறினோம்.

சாவியைத் திருகினேன். கிர்ர் கிர்ர் என்றதே தவிர, இன்ஜின் பிடிக்கவில்லை.

"பேட்டரி முனையில பாசி பிடிச்சிருக்கு. வெந்நீர் ஊத்தினா சரியாயிரும்" என்று தீர்ப்புச் சொல்லி, கணவரை வெந்நீர் வாங்க அனுப்பினேன். வெளிறிய முகத்தோடு அவர் வெந்நீர் கேட்டதும், பாவம், வயிறு சரியில்லைபோல என்று சீரகம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். மனுஷன் குடித்துவிட்டு வந்துவிட்டார்.

"இப்பப் பரவால்ல" என்றார்.

மறுபடி நானே போய் ஒரு செம்பு வெந்நீர் வாங்கி வந்து ஊற்றினேன். கிர்ர் கிர்ர். செம்பைத் திருப்பிக் கொடுக்க இன்னொரு முறை வாசற்படி ஏறினேன். ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொள்ளாமலேதான் திரும்பினேன். அத்தை முன்சீட்டில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் பந்தலில் இருந்த பங்காளிகள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். "கியரைப் போட்டு வைங்க டீச்சர், தள்ளுறோம்!" பாதை அந்த வீட்டை இடப்பக்கமாகவே சுற்றி வருகிறது. முதல் வளைவில் ஸ்டியரிங்கை ஒடித்தேன்.

பாஆஆஆம்!

ஊர் நாய்கள் எல்லாம் பதில் சொல்லின. அடுத்த வளைவிலும் அதே அலறல். அத்தை காதைப் பொத்திக்கொண்டார். கார் வீட்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, தேர் நிலைக்கு வந்ததுபோல அதே வாசலில் நின்றது. சத்தம் கேட்டுப் பெரியத்தை நிலைப்படிக்கே வந்துவிட்டார்.

அவர் உதடு துடித்தது. போச்சு, மண்ணை வாரித் தூற்றப்போகிறார் என்று நினைத்தேன்.

"ஏண்டி பாக்கியம்" என்றார். "சொல்லாமக் கொள்ளாமப் போன எம் மனுஷன் திரும்பி வரல. நீ என்னடான்னா போகவே மாட்டேங்குறியே!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். அத்தை காரிலிருந்து இறங்கி ஓடிப் போய்க் கட்டிக்கொண்டார். இந்த முறை முறைக்காக அழவில்லை. பங்காளிகள் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. முந்தானையை எடுத்து அழுத்தித் துடைத்தேன். கண்ணில் நறுக்கென்று குத்தியது.

"ஆத்தீ!"

பெரியத்தை பதறி வந்து முந்தானையைப் பிடித்து முடிச்சை அவிழ்த்தார். "என்னாத்தா இது, நீலமாக் கெடக்கு?"

நான் பிடுங்கியது ஹாரனுடையது அல்ல, பெட்ரோல் பம்பின் ஃப்யூஸ் என்று அப்போதுதான் புரிந்தது. பெட்ரோல் வராத வண்டியைத்தான் பத்துப் பேரை வைத்துத் தள்ள வைத்திருக்கிறேன். கணவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

வரக்காப்பி குடித்து, அக்காளும் தங்கையும் இருட்டும் மட்டும் பேசி முடித்த பிறகே புறப்பட்டோம். "சொல்லிட்டே போங்க, எப்படியும் திரும்பி வரத்தான் போறீங்க" என்றார் பெரியத்தை. அத்தையும் தன் சட்டத்தைத் தானே மீறி, "போயிட்டு வாரேங்க்கா" என்றார். ஃப்யூஸைப் பழைய இடத்தில் செருகிச் சாவியைத் திருகியதும் கார் கிளம்பிவிட்டது.

இப்போது தினமும் இருவரும் போனில் பேசுகிறார்கள். எங்கள் வீட்டில் மிக்சி ஓடவில்லையா, டிவி தெரியவில்லையா, எல்லோரும் முதலில் என் முந்தானையைத்தான் பார்ப்பார்கள். போன மழைக்கு மலை முழுக்கக் கரண்ட் போனது. இருட்டில் அத்தையின் போன் அடித்தது. எடுத்தவுடன் பெரியத்தையின் குரல் எனக்கே கேட்டது:

"பாக்கியம், இங்கிட்டும் கரண்ட் இல்லடி. ஓம் மருமக முந்தியில முடிஞ்சு வச்சிருக்காளான்னு வெரசாப் பாரு!"