குளிர்ச்சி சாமியின் தகரக் கொட்டகை

வெயிலையே வேர்க்கவைக்கும் மகான் வந்துவிட்டார்! குளிர்ச்சி சாமி என்று பெயர். ஒரு தகரக் கொட்டகை, தினமும் இரண்டு புதுத் தக்காளிச் செடி, ஒரு செம்பு மந்திரத் தண்ணீர். அவ்வளவுதான் முதலீடு. வாசலில் குடமும் பாட்டிலுமாக ஊரே முண்டியடித்தது.

காலையில் ஒரு செடிக்கு வாளித் தண்ணீர், மற்றதற்குச் செம்புத் தண்ணீர் ஊற்றிக் கதவைப் பூட்டுவார். உச்சி வெயிலில் திறந்தால் வாளிச் செடி துவண்டு கிடக்கும். செம்புச் செடியோ புது மாப்பிள்ளை மாதிரி விறைத்து நிற்கும். கூட்டம் வாயைப் பிளக்கும்.

முன்வரிசையில் நம் தக்காளிக்காரர். போன கோடையில் அவர் தோட்டத்துப் பூ அத்தனையும் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துபோனது. இந்த முறையும் போனால் தோட்டத்தை விற்றுவிட்டு ஊரைவிட்டே கிளம்ப வேண்டியதுதான். அந்தப் பயம் மனுஷனைப் பிடுங்கித் தின்றது. விதைக்கு வைத்திருந்த பணத்தைச் சாமிக்குக் கொடுக்கத் துணிந்துவிட்டார்.

"ஏங்க, வெயில் தாங்குற விதை வாங்கலாம்னுதானே பேசினோம்?" என்றாள் மனைவி.

"நீ சும்மா இரு. கண்ணால பார்த்தப்புறமும் சந்தேகமா?"

"அந்த ரெண்டு செடியோட இலையைப் பார்த்தீங்களா?"

"இலையை எதுக்குப் பார்க்கணும்? தண்ணியைப் பாரு!"

காலமெல்லாம் தக்காளியோடு குடித்தனம் நடத்திய மனுஷன் பேசுகிற பேச்சா இது!  மறுநாள் விடியற்காலையில் மனைவி முந்தானை நனைந்து வெளியிலிருந்து வந்தாள்.

உச்சியில் கதவு திறந்தது. ஒன்று துவண்டு, ஒன்று விறைத்து, எல்லாம் வழக்கம்போலத்தான்.

"பார்த்தீங்களா என் தண்ணியோட சக்தியை!"

"பார்த்தோம் சாமி," என்றாள் அவள். "ஆனா காலையில நீங்க குறட்டை விட்டப்போ செம்புல இருந்ததை வாளிக்கு மாத்திட்டேன். உங்க மந்திரத் தண்ணியைக் குடிச்சதுதான் இந்தா செத்துக் கிடக்கு. ஜம்முனு நிக்குதே, அது குடிச்சது எங்க மாட்டுத் தொட்டித் தண்ணி!"

தக்காளிக்காரர் அப்போதுதான் குனிந்து இலையைப் பார்த்தார். ஒன்று அகலம். மற்றது சின்னதாக, சுருண்டு, மயிரடர்ந்து இருந்தது.

"அடப்பாவி! ரெண்டும் வேற வேற ரகம்! இது பிறவியிலேயே வெயில் தாங்கும்யா. தினமும் இதுக்குத்தான் நீ மந்திரத் தண்ணி ஊத்தினியா?"

சாமி செம்பைக்கூட எடுக்காமல் பின்பக்கமாகக் கம்பி நீட்டினார்.

தக்காளிக்காரர் மனைவியின் முகத்தை நிமிர்ந்து பார்க்க வெட்கப்பட்டுக்கொண்டே அவளோடு விதைக் கடைக்கு நடந்தார். விதையோடு இருவரும் வீடு திரும்பினால் வாசலில் அதே கூட்டம், அதே குடங்கள்.

"அம்மா, அந்த மாட்டுத் தொட்டித் தண்ணி கொஞ்சம் கிடைக்குமா?"

"தாராளமா," என்றாள் அவள். "ஆனா செடிக்கு ஊத்தாதீங்க, தலையில ஊத்திக்கங்க. வாடிக் கிடக்கிறது அதுக்குள்ள இருக்கிற மூளைதான்!"