வெள்ளத்தை ஏற்றுக்கொண்ட தெரு

பழவங்காடிப் பிள்ளையாருக்கு உடைபடும் தேங்காய்களில் ஒரு பங்கு பகவதிப்பெருமாள் கடையிலிருந்து போவது. மழை வந்துவிட்டால் பிள்ளையாரையும் கேட்காமல், விலையும் பேசாமல், தேங்காய்கள் தாமாகவே தெருவில் மிதந்து போய்விடும். கடை முன்னால் கான்கிரீட் சிலாப் போட்டு மூடியிருந்த வடிகால் ஓடை அப்படிப்பட்டது. தண்ணீரை உள்ளே வாங்குவதென்ற வழக்கமே அதற்குக் கிடையாது.

இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் ஆவணி. அடுத்த வாரம் சதுர்த்திக்கான தேங்காய் லோடு இறங்க வேண்டும். அந்த வியாபாரம் போனால் அவருக்கு வருஷமே போனமாதிரி. வானம் கறுத்ததும் வடிகால் ஆபீசுக்கு ஓடினார்.

அங்கே உதவிப் பொறியாளர் பத்மகுமார் அப்போதுதான் ஆளுமை வளர்ச்சிப் பயிற்சி முடித்துப் புது மனிதராகத் திரும்பியிருந்தார். அந்த வருஷங்களில் சர்க்கார் ஆபீஸ்களில் பரவிய காய்ச்சல் அது.

"அண்ணாச்சி, மழை நம்ம கையில உண்டா?"

"இல்ல சாரே."

"வெள்ளம்?"

"அதும் இல்ல. ஆனா ஓடை உங்க கையிலதானே?"

"ஓடையில ஓடுகது மழைவெள்ளமல்லே? மழையே நம்ம கையில இல்லேன்னா ஓடை மாத்திரம் எப்படி வரும்? நம்ம கையில உள்ளது மனோபாவம் ஒண்ணுதான். அதை நாங்க சரியாக்கித் தாறோம்."

அவ்வண்ணமே, 'கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட சூழ்நிலைகளில் வணிகர் மனப்பக்குவ மேம்பாட்டு முகாம்' மேற்படி ஓடையின் மேலேயே பந்தல் போட்டு நடந்தேறியது. துணி பேனர், பேப்பர் பிளேட்டில் வடை. முழங்கால் தண்ணீரில் நிற்பதாகக் கண்ணை மூடிக் கற்பனை செய்து, புன்னகைக்க வேண்டும்.

"துணி நனையாத வெள்ளம் இது ஒண்ணுதான் அண்ணாச்சி, அனுபவிச்சுக்கிடும்," என்றாள் பக்கத்து டீக்கடை எலிசாள்.

எல்லோருக்கும் சான்றிதழ் கிடைத்தது. லோடும் இறங்கியது. மறுநாளே மழையும் இறங்கியது.

பகவதிப்பெருமாள் நனைந்துகொண்டே ஆபீசுக்குப் போனார். "சாரே, தேங்கா மிதக்கத் தொடங்கியாச்சு!"

"சர்ட்டிபிக்கேட் வாங்கினீங்கல்லோ? பக்குவப்பட்ட ஆளு புகார் சொல்லப்பிடாது. சொன்னா சர்ட்டிபிக்கேட் பொய்யாவும். பொய் சர்ட்டிபிக்கேட் வச்சிருக்கது குற்றம்."

பகவதிப்பெருமாளுக்கு வந்ததே கோபம்! கடைக்குத் திரும்பிக் கடப்பாரையை எடுத்து ஓடையின் சிலாப்பை நெம்பினார். பின்னாலேயே குடையோடு ஓடிவந்த பத்மகுமார், "இலாகா சொத்தில் கை வைக்கப்பிடாது!" என்று கத்தினார். சிலாப் புரண்டது.

முதலில் பாரையில் சிக்கி வந்தது முகாமின் பேனர். பத்மகுமார் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். அடுத்து எலிசாள் கடைத் தேயிலைச் சக்கை, மூட்டையாக. கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் அவசரமாக டீ ஆற்றத் தொடங்கினாள். பகவதிப்பெருமாள் உற்சாகமாகி, அடிவரைக்கும் பாரையை விட்டு இழுத்தார். வந்தது தேங்காய் நார். ஒரு மெத்தை தைக்கப் போதும்.

அந்தத் தெருவில் தேங்காய்க் கடை ஒன்றே ஒன்றுதான். உரித்த நாரைத் தினமும் கடை பூட்டும்போது கூட்டித் தள்ளியவரும் ஒருவர்தான்.

அடைப்பு விலகி, தண்ணீர் குபுகுபுவென்று ஓடைக்குள் இறங்க ஆரம்பித்தது. மூவரும் பீதியோடு அதைப் பார்த்தார்கள்.

பத்மகுமார்தான் முதலில் தேறினார். "இதை வெளியில போட்டா, யாரு போட்டதுன்னு விசாரணை வரும்."

"எல்லாருக்கும் வரும்லா சாரே," என்றார் பகவதிப்பெருமாள்.

"அய்யோ, இது நம்ம கையில உள்ள காரியமா?" என்றாள் எலிசாள்.

எடுத்ததையெல்லாம் பத்திரமாக உள்ளே தள்ளி, ஆளுக்கொரு கை பிடித்து சிலாப்பை மூடினார்கள். தண்ணீர் மறுபடி ஏறியது. முழங்கால் வந்ததும் பகவதிப்பெருமாள் முகாமில் சொல்லிக்கொடுத்தபடியே புன்னகைத்தார். பிறகு, மழை நிற்கப் பிள்ளையாருக்கு உடைக்கலாமென்று, மிதந்துபோன ஒரு தேங்காயை எட்டிப் பிடித்தார். குடுமியை விட்டு மிச்ச நாரைச் சுத்தமாக உரித்து, பழக்கதோஷம், சிலாப்பின் இடுக்கில் திணித்தார்.