விரல்வெட்டியார்

கொல்லிமலையில் விரல்வெட்டியார் வெட்டித் தள்ளிய விரல்களைப் போல எந்தக் கொடுங்கோல் மன்னனும் வெட்டியிருக்க மாட்டான். பயப்பட வேண்டாம், அத்தனையும் வாழைப்பழ விரல்கள்.

வாசலூர்பட்டிப் பக்கம் நாங்கள் வேலை பார்க்கும் சிப்ஸ் கம்பெனியில் அவர்தான் ஸ்டோர் கீப்பர். குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளியை வெட்டும் பெண்களுக்கு வருகிற கையுறைகளை அவர் சோதிக்காமல் யாரும் மாட்டக் கூடாது. "கத்தி வெட்டாதுன்னு அட்டையிலயே போட்டிருக்குதுங்களே" என்றார் முதலாளி ஒருமுறை. "கத்திக்குப் படிக்கத் தெரியுங்களா?" என்று கேட்டுவிட்டார் இவர்.

கையுறையின் விரல்களுக்குள் தோலோடு மலைவாழைப்பழங்களைத் திணிப்பார். பலகையில் வைத்து, கிழங்கு வெட்டும் அதே கத்தியால் ஓங்கி ஒரு போடு. பழத்தோலில் கீறல் விழுந்தால் லோடு வாபஸ். வெட்டும் முன் பழத்துக்குப் பெயர் வேறு வைப்பார். "இது பாப்பாத்தி கட்டை வெரலு." கிழங்கு வெட்டும் பாப்பாத்தி கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வாள். "பேரில்லாத வெரல்னா அசால்ட்டா வெட்டிப் போடுவேனுங்க" என்பது அவர் கட்சி. சோதித்த பழத்தை வீணாக்காமல் எல்லோரும் தின்றுவிட வேண்டும் என்பதும் அவர் போட்ட சட்டம்.

போன தை மாதம் என் மனைவி சரோஜா பேக்கிங்கிலிருந்து கிழங்கு வெட்ட மாறினாள். அவள் வெங்காயம் நறுக்கும் வேகத்தைப் பார்த்தாலே நான் எழுந்து வெளியே போய்விடுகிற ஆள். அன்றைக்கென்று புது லோடு கையுறையும் வந்து இறங்கியது.

விரல்வெட்டியார் தனிக்கட்டை. சரோஜா தூக்குப்போசியில் கொண்டுவரும் குழம்பில் பாதி அவருக்குத்தான் போகும். அன்று பழத்தைத் தடவியபடி ரொம்ப நேரம் நின்றார். "இது நம்ம சரோஜா சுண்டு வெரலு" என்றார். கத்தி இறங்கியது. கீறலே இல்லை. "பாஸுங்க" என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் காலை சரோஜா கையுறை மாட்டப் போன பிறகுதான் பொறி தட்டியது. வழக்கமாக அவர் போடும் போட்டில் அடுத்த அறை டம்ளர் ஆடும். நேற்றுப் பலகையில் சத்தமே வரவில்லை. ஸ்டோருக்கு ஓடினேன்.

"ஏனுங்கண்ணா, நேத்து ஓங்கித்தான வெட்டுனீங்க?"

அவர் முகம் செத்துப்போயிற்று. செருப்புக்கூட மாட்டாமல் ஓடினார். "சரோஜா, கத்தியக் கீழ வை சாமி" என்று அவள் கையிலிருந்த கையுறையை உருவி, எல்லோர் முன்னாலும் அதற்குள் ஒரு பழத்தைத் திணித்தார். தன் நெஞ்சைத் தட்டி, "இது என்ற வெரலு" என்றார்.

பலகை துள்ளியது. கையுறை பிளந்து, பழம் இரண்டு துண்டாகக் கிடந்தது. நான் அப்படியே கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன்.

"நேத்து பாஸுன்னீங்களே?" என்றார் முதலாளி.

"அந்தப் புள்ள பேரச் சொன்னதும் கை வரலீங்க" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "லோடத் திருப்பி அனுப்பிருங்க."

சரோஜா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க மாமா, உங்க வெரலு மேல மட்டும் அத்தன கோவமா?"

அதற்கப்புறம் எந்த லோடு வந்தாலும், எந்தப் பழமானாலும், அது அவருடைய விரல்தான்.

அன்று துண்டான பழம் சாயங்காலம் வரை பலகையிலேயே கிடந்தது. சட்டம் சட்டம்தான், ஆனால் அதை எடுத்துத் தின்ன எங்களில் ஒருவருக்கும் மனசு வரவில்லை.