ஞாயித்துக்கிழமை பண்றேன்

சமையலறையிலிருந்து மனைவி ஏதோ கேட்டாள். ப்ரூஃப்காரர் தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "ஞாயித்துக்கிழமை பண்றேன்" என்றார்.

அன்று வியாழன். அச்சுத்தாளில் விட்டுப்போன ஒரு புள்ளியைக்கூடப் பத்தடி தூரத்திலிருந்து பிடித்துவிடுவார் என்பதால்தான் அச்சகத்தில் அவருக்கு அந்தப் பெயர். மனைவி என்ன கேட்டாள் என்பதை மட்டும் அவர் பிடிக்கவில்லை. மதியம் கேஸ் அடுப்பு ரிப்பேர்காரன் வந்து போனான். சாயங்காலம் அவர் வீடு திரும்பியபோது அடுப்பு சரியாகியிருந்தது. மனைவி உயிரோடு இல்லை.

அந்த ஊரில் அவள் ஆறாவது. ஆறு வீட்டிலும் அவன் அடுப்பை ஒழுங்காகச் சரிசெய்த பிறகுதான் கொன்றிருந்தான். போகும்போது வீட்டுக்கு ஒரு பாத்திர மூடியை எடுத்துப் போயிருந்தான். பிடிபட்ட அன்று ஆறும் அவன் கட்டிலுக்கடியில் கிடந்தன.

இன்ஸ்பெக்டர் அந்த ஆறோடு வேறு ஆறு மூடிகளைக் கலந்து ப்ரூஃப்காரர் முன் மேஜையில் பரப்பினார்.

"மத்த அஞ்சு வீட்டுக்காரங்களும் காட்டிட்டாங்க. உங்க வீட்டு மூடியை நீங்களே எடுங்க."

"எடுக்காட்டி?"

"அஞ்சு கொலைக்கும் அதே தண்டனைதான், ஆறுக்கும் அதேதான். உங்க சம்சாரம் வழக்குல மட்டும் 'கொன்னவர் யாருன்னு தெரியலை'ன்னு எழுதிடுவாங்க."

பத்தொன்பது வருஷம் அந்த மூடிக்குக் கீழே வெந்ததைச் சாப்பிட்டவர். மூடியைப் பார்த்ததில்லை. பளபளப்பாக இருந்த ஒன்றை எடுத்தார்.

"அது எங்க கேன்டீன் டீப்பாத்திரத்தோடது சார்" என்றார் கான்ஸ்டபிள், தணிந்த குரலில்.

மைத்துனிக்குப் போன் போட்டார்.

"அக்கா என்னைச் சமையலறைக்குள்ள விட்டிருந்தாத்தானே எனக்குத் தெரியும், அத்தான்? பாத்திரம் வீட்டுலதானே இருக்கு? கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்க."

நல்ல யோசனையாகப் பட்டது. வழக்கு நாளன்று பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போனார். மூடிகளின் பிடியில் சீட்டு கட்டியிருந்ததால், சேவகர் ஒவ்வொன்றையும் விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பொருத்தினார். பன்னிரண்டில் ஒன்பது கச்சிதமாக உட்கார்ந்தன.

எதிர்த்தரப்பு வக்கீல் சந்தோஷமாக எழுந்தார்.

"ஜாடிக்கேத்த மூடின்னு கேள்விப்பட்டிருக்கேன். இந்த ஜாடிக்கு எல்லா மூடியும் ஏத்ததா இருக்கே. எத்தனை வருஷக் குடித்தனம்?"

"பத்தொன்பது."

"ஒரு தடவையாவது அதைத் தொறந்து பாத்திருக்கீங்களா?"

"அவளே எடுத்துப் போட்டுடுவா."

கோர்ட்டில் சிரிப்பு. ப்ரூஃப்காரருக்குக் காது சூடானது. கைக்கு எட்டிய ஒன்றைத் தூக்கி, "இதுதான்" என்றார்.

பார்வையாளர் வரிசையில் ரிட்டயர்டு பஸ் கண்டக்டர் எழுந்து நின்றார். ஆறு பேரில் இரண்டாமவளின் அப்பா.

"அது என் மகளோடது. கீழ வைங்க."

சுட்டுவிட்டதுபோல் வைத்தார். நீதிபதி பேனாவைத் திறந்தார். "ஆறாவது வழக்கைப் பொறுத்தவரைக்கும்..."

"ஐயா, ஒரு நிமிஷம்" என்று ப்ரூஃப்காரர் இன்னொன்றை நோக்கிக் கை நீட்டினார்.

கூண்டுக்குள்ளிருந்து 'ச்சு' என்று ஒரு சத்தம் வந்தது. விசாரணை முழுக்க வாய் திறக்காதவன் கம்பியில் சாய்ந்து நின்றான்.

"பாக்கவே கஷ்டமா இருக்குங்க. இடது பக்கம் மூணாவது. பிடி ஆடும், பாருங்க. ஒரே ஒரு திருகு, அரை நிமிஷ வேலை. நான் முறுக்கித் தரேன்னேன். அந்தம்மாதான், 'வேண்டாம்ப்பா, அவர் ஞாயித்துக்கிழமை பண்றேன்னு சொல்லியிருக்கார்'னுட்டாங்க."

எதிர்த்தரப்பு வக்கீல் மெதுவாக உட்கார்ந்தார்.

ப்ரூஃப்காரர் மூன்றாவது மூடியைப் பிடியைப் பற்றித் தூக்கினார். ஆடியது. ஒன்றரை வருஷமாக அவரிடம் பதில் மட்டும்தான் இருந்தது. கேள்வி இப்போதுதான் வந்து சேர்ந்தது.

ஆறு கொலைக்கும் ஆயுள் தண்டனை. தீர்ப்பின் நகலை அவர் வீட்டில் உட்கார்ந்து படித்தார். பதினோரு எழுத்துப் பிழைகள். அவள் பெயரில் ஒன்றும் இல்லை.

மூடியை வாங்கிப்போகச் சொல்லிக் கடிதம் வந்தது. சட்டைப் பையில் ஒரு திருப்புளியோடு போனார். வாங்கிய இடத்திலேயே முறுக்கிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளிப்போட அவருக்கு இனித் தைரியம் இல்லை.

குமாஸ்தா இரண்டு இடத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மூடியை நீட்டினார். ப்ரூஃப்காரர் அதை மேஜைமேல் கவிழ்த்துப்போட்டுத் திருப்புளியை எடுத்தார்.

"அதை உள்ள வைங்க சார்" என்றார் குமாஸ்தா. "அவன் மேல்முறையீடு போயிருக்கான். கேக்கும்போது இதை இப்படியே கொண்டுவந்து காட்டணும். அன்னிக்கே நீங்க முறுக்கியிருந்தா உங்க வழக்குக்குச் சாட்சியே கிடையாது. ஆடிட்டு இருக்கட்டும்."