என் முழங்காலுக்காக உங்கள் தங்கை போடும் வழக்கு

பாளையங்கோட்டை,
செவ்வாய்க்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் மகாராஜன் அவர்களுக்கு, சங்கிலிபூதத்தான் வணக்கத்துடன் எழுதுவது. என் வலது முழங்கால் நீங்கலாக இங்கு யாவரும் நலம். களக்காட்டில் நீங்களும் உங்கள் வாழைகளும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

வரிசையாகச் சொல்ல முயல்கிறேன், தவறினால் பொறுத்துக்கொள்ளவும். சென்ற வாரம் இங்கே முன்னாள் படைவீரர்களுக்குச் சட்ட விளக்கக் கூட்டம் நடந்தது. உங்கள் தங்கை இசக்கிச்செல்வி குடை பிடிக்க என்று கூட வந்தாள். பேசிய வக்கீல் எப்சி, ஊன ஓய்வூதியத்தை மறுக்கும் மருத்துவக் குழு காரணம் எழுத வேண்டும், எழுதாவிட்டால் முடிவு நிற்காது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாக விளக்கினார். "அப்படித் தாள் வச்சிருக்கவங்க கை தூக்குங்க" என்றார். நான் தூக்கவில்லை. இசக்கி என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். வக்கீல் என் தாளைப் பார்த்து, "'படைப்பணியால் வந்ததல்ல'ன்னு ஒரே வரி. காரணக் கட்டம் காலி. யாருங்க இதை டைப் அடிச்சது?" என்று கேட்டார். "நான்தான் அம்மா" என்றேன். ஓய்வுபெறும்போது மருத்துவக் குழு என்னைப் பரிசோதித்த அன்று மருத்துவமனை எழுத்தர் விடுப்பு. குழு முன் வந்திருந்தவர்களில் நான் ஒருவனே கிளார்க். எல்லார் தாளையும் என்னையே அடிக்கச் சொன்னார்கள். கூடமே சிரித்தது. "பிழையில்லாமல் அடித்தேன்" என்று நான் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டாம்.

பஸ்ஸில் இசக்கி, "ஏங்க, சொந்தக் காலுக்கே இல்லேன்னு அடிக்கும்போது வெரல் நடுங்கலியா?" என்றாள். சோறு போட்ட ரெஜிமெண்டு மேல் எப்படி வழக்குப் போடுவது என்றேன். "சோறு போட்டதும் அதுதான். பனியில கோப்புப் பெட்டியச் சொமக்கவிட்டுக் கால ஒடிச்சதும் அதுதான். ரெண்டையும் எழுதிக் கேப்போம்" என்றாள். மச்சான், எட்டாம் வகுப்போடு நின்றவள், வக்கீலையே திருத்துகிறாள்: "தகரப் பெட்டின்னு எழுதாதீங்கம்மா. அது இரும்புப் பெட்டி. கனம் கொறஞ்சிரும்லா!" முப்பது ஆண்டு கோப்புகளோடு இருந்த எனக்கு இந்தக் கூர்மை வந்ததில்லை. ஆனால் தீர்ப்பாயத்தில் என்னைக் கேள்வி கேட்டால் மன்னிப்புக் கேட்டுவிடுவேனோ என்று பயமாயிருக்கிறது. இன்னும் ஒரு வாரத்துக்குள் மனுவில் கையெழுத்திட வேண்டும். நீங்கள் பைய வந்து, வழக்கு வேண்டாமென்று அவளிடம் பக்குவமாகச் சொல்லவும்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளும் நல்ல முழங்கால்களும் அமைய ஆசிகள்.

இப்படிக்கு,
சங்கிலிபூதத்தான்

பி.கு.: தபாலில் சேர்க்கும் வழியில், கையெழுத்திட மாட்டேன் என்று சொல்ல வக்கீல் அலுவலகத்துக்குள் நுழைந்தேன். ஊன்றுகோலோடு ஜெபஸ்டின் உட்கார்ந்திருந்தார். அன்று எனக்கு அடுத்தபடி குழு முன் போனவர். அவர் தாளிலும் அதே ஒரே வரி, கீழே என் சுருக்கொப்பம். "அண்ணாச்சி, டைப் அடிச்சவரே கேஸ் போடுதாருன்னு சொன்னாவ. பொறவு நமக்கென்ன பயம்னு வந்துட்டேன்" என்றார். இரண்டு கையெழுத்துப் போட்டேன்: என் மனுவில் ஒன்று, அவருக்குச் சாட்சியாக ஒன்று. நீங்கள் வர வேண்டாம். வந்தாலும் இசக்கியிடம் இக்கடிதம் பற்றி மூச்சு விடாதீர்கள்.